டீச்சரைக் கேளுங்க: போன்ல படிக்கிற அமெரிக்க சரித்திரம்

போன இதழ்ல ஒரு மூலையில, அமெரிக்க சரித்திரத்தைப் பத்தி பத்து நிமிஷத்துல முடிக்கிற மாதிரி சின்னச் சின்ன கட்டுரைங்க நெட்ல இலவசமா நிறைய கிடைக்குது, சீரியல் விளம்பரத்துக்குப் போற நேரத்துல ஒண்ணு ஒண்ணா படிங்கன்னு எழுதியிருந்தேன். அதுக்கு இத்தனை கடுதாசி வரும்னு ஆசிரியரும் நினைக்கல, நானும் நினைக்கல. சமையல் பகுதியில இருந்து ரெண்டு பக்கத்தைப் பிடுங்கிக் குடுத்திருக்காங்க, அவங்க கோவிச்சுக்கறதுக்குள்ள நேரா கேள்விக்குப் போயிடலாம்.

டீச்சர், நான் யூபிஎஸ்சிக்குப் படிக்கிறேன். உலக சரித்திரத்துல அமெரிக்கப் புரட்சி வருது. தடி புஸ்தகம் படிக்கப் பொறுமை இல்லாம சின்னக் கட்டுரையா இருபது படிச்சிருப்பேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, மறுநாள் ஒண்ணுமே ஞாபகம் இல்ல. என்ன பண்றது?
(கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி)

இருபது படிச்சதுதான் கண்ணு பிரச்சனை. ஒண்ணை எடுத்து நோண்டு, போதும்.

பாஸ்டன் தேயிலை கதையை எடுத்துக்கோ. எல்லா கட்டுரையும் என்ன சொல்லும்? 1773 டிசம்பர் 16 ராத்திரி, பாஸ்டன் துறைமுகத்துல 342 பெட்டி தேயிலையைக் கடல்ல கொட்டினாங்க, பிரிட்டன் வரி போட்டதுக்கு எதிர்ப்பு, முடிஞ்சுது. நீ அந்த இடத்துல நின்னுட்டு, அந்தத் தேயிலை யாரோடதுன்னு ஒரு கேள்வி கேளு. நம்மள ஆண்ட அதே ஈஸ்ட் இந்தியா கம்பெனியோடது. இந்தியாவுல விளைஞ்ச சரக்கா? இல்ல, அப்ப அஸ்ஸாம் டீயும் கிடையாது நீலகிரி டீயும் கிடையாது, மொத்தமும் சீனாவுல கான்டன்ல வாங்கினது. சரி, விலை ஏறினதால கொட்டினாங்களா? இங்கதான் சுவாரஸ்யம், அந்த வருஷம் வந்த தேயிலைச் சட்டத்தால விலை இறங்குது! கம்பெனி அப்ப திவாலாகற நிலைமைல இருந்துச்சு, வங்காளத்துல 1770 பஞ்சத்துல ஜனங்க கொத்துக் கொத்தா செத்து அங்க வருமானம் ஆட்டம் கண்டிருந்துச்சு, லண்டன் குடோன்ல தேயிலை விக்காம மலையா குவிஞ்சு கிடந்துச்சு. கம்பெனியைக் காப்பாத்த பார்லிமெண்ட், லண்டன்ல கட்டற வரியெல்லாம் வேணாம், நேரா அமெரிக்காவுக்கு அனுப்பி வித்துக்கோன்னு விட்டுது. ஆனா 1767-ல போட்ட பவுண்டுக்கு 3 பென்ஸ் வரியை மட்டும் எடுக்கல. அந்த டீயை வாங்கினா வரி போடற உரிமையை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். டச்சு டீயைக் கடத்திக்கிட்டு வந்து வித்துட்டு இருந்த வியாபாரிக்கும் வயித்துல அடி.

விலை குறைஞ்ச டீயை எதுக்குடா கொட்டினான்னு யோசிச்சுப் பாத்தவனுக்கு இது மறக்காது, வருஷமும் தானா ஒட்டிக்கும். அதனால ஒரு கட்டுரை படி, நோட்டுல ஒரே ஒரு கேள்வி எழுது, அந்தக் கேள்விக்குப் பதில் தேடறதுக்காக மட்டும் அடுத்த கட்டுரையைத் திற. முடிஞ்சா மூணாவதா அந்தச் சட்டத்தையே எடுத்துப் பாரு. நாலு பக்கமும் மஞ்சள் மை பூசறதெல்லாம் ஸ்டேஷனரிக் கடைக்காரருக்குப் பண்ற உபகாரம்.

சேலம் சரித்திரம்னு இங்கிலீஷ்ல தேடினா சூனியக்காரி சூனியக்காரின்னு வருதே, நம்ம ஊரு மானத்தை யாரு வாங்கறது?
(மளிகைக்கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை)

அது மாசசூசெட்ஸ்ல இருக்கற இன்னொரு சேலம்ங்க, நமக்கும் அதுக்கும் பேரு மட்டும்தான் ஒண்ணு. தேடும்போது தமிழ்நாடுன்னு சேத்துப் போடுங்க.

ஆனா வந்த லிங்க்கை மூடாதீங்க, படிங்க. 1692-ல அங்க சூனியம் வெச்சாங்கன்னு பழி போட்டு 19 பேரைத் தூக்குல போட்டாங்க, அதுல 5 பேரு ஆம்பளைங்க. இன்னொரு கிழவரை, கோர்ட்ல வாயைத் திறக்க மாட்டேன்னதுக்காக மேல கல்லை ஏத்தி ஏத்தியே கொன்னாங்க. உயிரோட எரிச்சாங்கன்னு ஏதாவது கட்டுரையில இருந்தா அதை அப்பவே தள்ளிடலாம், அந்த ஊர்ல யாரையும் எரிக்கல. கோர்ட் விசாரணைக் காகிதமெல்லாம் வர்ஜீனியா யுனிவர்சிட்டி நெட்ல போட்டு வெச்சிருக்கு. அதுல பாருங்க, 1693-ல தண்டனை குடுத்து, தூக்குல இருந்து தப்பிச்சு, ஆனா பேரு மட்டும் சுத்தமாகாம விட்டுப்போன ஒரு பொண்ணு இருந்தா, எட்டாவது படிக்கிற பசங்க டீச்சரோட சேந்து அதைத் தோண்டி எடுத்து சட்டசபைக்குக் கடுதாசிக்கு மேல கடுதாசி எழுதி, 2022-ல அந்தம்மா குத்தமில்லன்னு சட்டம் போட வெச்சாங்க. 329 வருஷம் கழிச்சு! நம்ம எட்டாம் வகுப்புல சரித்திரம்னா கோடிட்ட இடத்தை நிரப்புகதான்.

வியாபாரி கேட்டதால இன்னொண்ணு. அந்த சேலம் கப்பல்காரங்க நம்ம பக்கம் மிளகு, துணி வியாபாரத்துக்கு வந்து போனவங்க. 1799-ல கப்பல் கேப்டன்களா சேந்து ஈஸ்ட் இந்தியா மரைன் சொசைட்டின்னு ஒரு சங்கம் வெச்சு, போற ஊர்ல இருந்தெல்லாம் சாமான் கொண்டுவந்து சேத்தாங்க. அதுதான் இப்ப பீபாடி எசெக்ஸ் மியூசியம்.

கட்டுரையெல்லாம் எதுக்கு டீச்சர், யூடியூப்ல பாத்தா போதாதா?
(சூரமங்கலம்)

தூங்கறதுக்குப் போதும்.

அமெரிக்க சரித்திரம் படிச்சு சங்ககிரிக்காரனுக்கு என்ன ஆகப்போகுது? கோவமா கேக்கல, நிஜமாவே கேக்கறேன்.
(லாரி ஓனர், சங்ககிரி)

நீங்க கேட்டதுதான் இந்த வாரத்துலயே நல்ல கேள்வி, அதுவும் சங்ககிரியில இருந்துக்கிட்டு கேட்டீங்க பாருங்க.

காரன்வாலிஸ்னு ஒரு பிரிட்டிஷ் தளபதி. 1781 அக்டோபர் 19, வர்ஜீனியாவுல யார்க்டவுன்ங்கற ஊர்ல, 7,000 சிப்பாய்க்கு மேல கூட்டிக்கிட்டு வாஷிங்டன்கிட்டயும் பிரெஞ்சுக்காரங்ககிட்டயும் சரண்டர் ஆனவரு. சரண்டர் ஆகற அன்னைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வாளைக் குடுக்கறதுக்குக் கூட தனக்குக் கீழ இருந்த ஒரு அதிகாரியை அனுப்பிட்டாரு. அமெரிக்காவுல எழுதற சின்னக் கட்டுரைங்க பெரும்பாலும் இவரை இதோட விட்டுடும், தோத்தான் போனான்னு. எங்க போனான்? இங்கதான் வந்தான்! 1786-ல கவர்னர் ஜெனரலா கல்கத்தாவுல வந்து இறங்கினாரு, திப்பு மேல படையெடுத்தாரு, 1792-ல சீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு பாதி நாட்டைக் குடுத்தாரு, 3 கோடியே 30 லட்சம் ரூவா குடுக்கணும்னு எழுதிக் குடுத்தாரு, ரெண்டு பையனைப் பணயமா அனுப்பினாரு. அந்தப் பாதி நாட்டுல வந்ததுதான், இப்ப தருமபுரி, கிருஷ்ணகிரி இருக்கற பாராமகாலும் சேலமும். அமெரிக்காவுல கோட்டை விட்ட அதே ஆளு கையால நம்ம ஊரு கம்பெனி கைக்குப் போச்சு. அப்புறம் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழ மன்றோவும் வந்து, ஜமீன்தாரை நடுவுல வெக்காம குடியானவன்கிட்ட நேரா வரி வாங்கற ரயத்துவாரியை முதல்ல பரீட்சை பண்ணிப் பாத்ததும் இந்த மண்ணுலதான். உங்க ஊருக் கோட்டையில 1805-ல தீரன் சின்னமலையைத் தூக்குல போட்டாங்கல்ல, அதே 1805-ல காரன்வாலிஸ் ரெண்டாவது தடவை கவர்னர் ஜெனரலா வந்து, வந்த கொஞ்ச நாள்லயே காசிப்பூர்ல செத்துப்போனாரு.

இன்னும் கேளுங்க. சேலம் பக்கமெல்லாம் ஹைதர் அலி ஆட்சியில இருந்த காலத்துல, ஹைதரும் வெள்ளைக்காரனை அடிக்கிறாரு, அமெரிக்காக்காரனும் அடிக்கிறான், ரெண்டு பேருக்கும் பிரெஞ்சுக்காரன் துணை. பென்சில்வேனியாக்காரங்க ஒரு போர்க்கப்பலுக்கு ஹைதர் அலின்னே பேரு வெச்சாங்க. 1782 ஏப்ரல் 8 அன்னைக்கு அந்தக் கப்பல் டெலவேர் வளைகுடாவுல தன்னைவிடப் பெரிய பீரங்கி பலம் இருந்த ஜெனரல் மாங்க்ங்கற பிரிட்டிஷ் கப்பலைப் பிடிச்சுது. அமெரிக்கச் சுதந்திரப் போரோட கடைசிச் சண்டை எங்க நடந்துச்சு தெரியுமா, நம்ம கடலூர்ல! 1783 ஜூன்ல பிரெஞ்சுக் கப்பலும் பிரிட்டிஷ் கப்பலும் அங்க மோதிக்கிட்டாங்க, ஐரோப்பாவுல ஜனவரியிலயே சமாதானக் கையெழுத்து ஆயிடுச்சு, சேதி கப்பல்ல வந்து சேர்றதுக்கு அத்தனை மாசம் ஆச்சு. அதுவரைக்கும் செத்தவன் செத்தவன்தான்.

அந்த நாட்டுக் கட்டுரை அந்த நாட்டுக் கரையோட நின்னுடும், அதுல வர்ற ஆளு அப்புறம் எந்த ஊருக்குப் போனான்னு நாமதான் தேடணும். லாரி ஓனருக்கு இதைச் சொல்லிக் குடுக்கணுமா, லோடு எங்க ஏத்தினாங்க எங்க இறக்கினாங்கன்னு ரெண்டையும் பாக்காம நீங்க பில்லு பாஸ் பண்ணுவீங்களா?

நான் எஸ்டேட்ல சூப்பர்வைசர். இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் படிப்பேன், மலையில சிக்னலும் ஒழுங்கா கிடைக்காது. போன்ல தமிழாக்கிப் படிக்கலாமா?
(ஏற்காடு)

தாராளமா. ஆனா வருஷம், எண்ணிக்கை, ஆமாவா இல்லையாங்கற வாக்கியம் இது மூணையும் இங்கிலீஷ் மூலத்தோட ஒரு தடவை ஒத்துப் பாத்துக்குங்க, மிஷின் வழுக்கி விழற இடம் அதுதான். சிக்னலுக்கு ஒரே வழி, கீழ அடிவாரத்துக்கு வர்றப்ப பிடிஎஃப்ஆ இறக்கி வெச்சுக்கறது. அமெரிக்க அரசாங்கம் தானே எழுதிப் போடற கட்டுரைக்கு அந்த நாட்டுல காப்பிரைட் கிடையாது, அதனால பிரிண்ட் எடுத்து லைன் வீட்டுப் பசங்களுக்குக் குடுத்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க.

முதல்ல கட்டுரையை விடுங்க, லிங்கனோட கெட்டிஸ்பர்க் பேச்சுல ஆரம்பிங்க. மொத்தமே சுமார் 270 வார்த்தை. ஒரு நாளைக்கு ரெண்டு வாக்கியம்னு வெச்சா ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சுடும். 1863 நவம்பர் 19, உள்நாட்டுச் சண்டையில செத்த சிப்பாய்ங்க இடுகாட்டைத் திறந்து வெக்கற கூட்டம், லிங்கனுக்கு முன்னாடி எட்வர்ட் எவரெட்னு பெரிய பேச்சாளர் ரெண்டு மணி நேரம் பேசினாரு. இவரு ரெண்டு நிமிஷத்துல உக்காந்துட்டாரு. மறுநாள் எவரெட்டே லெட்டர் போட்டாரு, நான் ரெண்டு மணி நேரத்துல தொட முடியாததை நீங்க ரெண்டு நிமிஷத்துல தொட்டீங்கங்கற மாதிரி. சின்னதா இருக்கறதால கனமில்லன்னு சொல்றவங்களுக்கு இந்த ஒண்ணு போதும். படிக்கும்போது ஒண்ணு கவனிங்க, 87 வருஷத்துக்கு முன்னாடின்னு ஆரம்பிக்கிறாரு. 1863-ல 87-ஐக் கழிச்சா 1776. அரசியல் சட்டம் எழுதின 1787-ல இருந்து கணக்கை ஆரம்பிக்கல, எல்லா மனுஷனும் சமம்னு சொன்ன சுதந்திரப் பிரகடனத்துல இருந்து ஆரம்பிக்கிறாரு. அடிமைத்தனத்தோட சமரசம் பண்ணிக்கிட்ட சட்டத்தை அப்படியே தாண்டிக் குதிச்சுட்டாரு. முதல் வாக்கியத்துலயே கட்சி கட்டியாச்சு.

லிங்கன் ஒரு கையெழுத்துல அடிமைத்தனத்தை ஒழிச்சாருன்னு படிச்சேன். இன்னொரு கட்டுரையில அது நிஜமே இல்லன்னு இருக்கு. எதை நம்பறது?
(பிளஸ் டூ மாணவி, ஆத்தூர்)

ரெண்டையும் நம்பாதே சாமி, அந்தக் கையெழுத்துப் போட்ட காகிதத்தையே படி, அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்து வெப்சைட்ல போட்டோவாவும் இருக்கு, டைப் பண்ணியும் இருக்கு.

1863 ஜனவரி 1-ல வந்த பிரகடனம், அப்ப அரசாங்கத்தை எதிர்த்து சண்டை போட்டுட்டு இருந்த மாநிலங்கள்ல இருக்கற அடிமைங்களுக்கு மட்டும்தான் விடுதலைன்னு சொல்லுது. லிங்கன் பக்கமே நின்ன கென்டக்கி, மிசூரி, மேரிலாண்ட், டெலவேர் நாலும் அதுல வரல. அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஒண்ணுமே நடக்கலன்னு ஒருத்தர் எழுதிடறாரு. ஆனா அதே காகிதத்துல கறுப்பின ஆம்பளைங்களைப் படையில சேத்துக்கலாம்னும் இருக்கு, அது பெரிய விஷயம், போர் முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட 1,80,000 பேரு சேந்தாங்க. படை முன்னேறி எந்த ஊருக்குப் போச்சோ அங்கதான் விடுதலையும் போச்சு, அடிமைங்களும் உத்தரவு வர்றவரைக்கும் காத்துக்கிட்டு இருக்கல, தோட்டத்தை விட்டு ஓடிவந்து அந்தப் படை முகாம்ல நின்னாங்க. டெக்சாஸ்ல கால்வெஸ்டனுக்கு உத்தரவு போய்ச் சேந்தது 1865 ஜூன் 19. அந்த நாளைத்தான் ஜூன்டீன்த்னு 2021-ல இருந்து தேசிய விடுமுறையா கொண்டாடறாங்க. நாடு பூராவும் சட்டப்படி முடிஞ்சது 1865 டிசம்பர் 6, அரசியல் சட்டத்தோட 13-வது திருத்தம் நிறைவேறினப்பதான். அந்தத் திருத்தத்தையும் கடைசி வரைக்கும் படி, குத்தத்துக்குத் தண்டனையா இருந்தா தவிரன்னு நடுவுல ஒரு சின்னத் துண்டு வரும். அதை வெச்சு தெற்கு மாநிலங்கள்ல கைதிங்களைத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் வாடகைக்கு விட்டாங்க. சின்னக் கட்டுரையில இடம் பத்தலன்னா முதல்ல வெட்டுப்படறது இந்தத் துண்டுதான்.

பரீட்சையில கேட்டா என்ன எழுதறதுன்னு அடுத்து கேப்பே. பாடப் புஸ்தகத்துல இருக்கறதை எழுதிட்டு, கீழ 1865-ஐயும் ஒரு வரி எழுதிடு, மார்க் குறைய மாட்டாங்க.

பேத்தி நியூ ஜெர்சியில அஞ்சாவது படிக்கிறா. வீடியோ கால்ல நன்றி நாள் கதையெல்லாம் சொல்றா, எனக்குத் திரும்பப் பேச ஒண்ணும் தெரியல. எதைப் படிக்கட்டும்?
(ரிட்டயர்டு பேங்க் ஊழியர், ஃபேர்லேண்ட்ஸ்)

ரெண்டு கட்டுரை படிங்க சார், ஒண்ணு கப்பல்ல வந்து குடியேறினவங்க பக்கம், ஒண்ணு ஏற்கெனவே அங்க இருந்த வாம்பனோவாக் ஜனங்க பக்கம். அப்புறம் பேத்திகிட்ட ஒரு புதிர் போடுங்க, அந்த 1621 விருந்துல வான்கோழி இருந்துச்சுன்னு யாரு பாத்தான்னு. எட்வர்ட் வின்ஸ்லோங்கறவரு எழுதின லெட்டர்ல அந்த விருந்தைப் பத்தி இருக்கறது ஒரு சின்னப் பத்திதான். நாலு பேரு பறவை சுடப் போனாங்க, மசசோயிட்ங்கற தலைவர் 90 ஆளோட வந்தாரு, 3 நாள் விருந்து, அவங்க 5 மான் அடிச்சுக் கொண்டுவந்தாங்க. வான்கோழின்னு அந்தப் பத்தியில கிடையவே கிடையாது. அவ்வளவு பெரிய பண்டிகையை லிங்கன் 1863-ல தேசிய நாளா அறிவிச்சாரு. குடியேறினவங்களுக்குச் சோளம் விதைக்கச் சொல்லிக் குடுத்த டிஸ்குவாண்டம்ங்கறவரை முன்னாடியே ஒரு கப்பல்காரன் பிடிச்சுக்கிட்டுப் போய் வித்துட்டான், அவரு எப்படியோ தப்பிச்சுத் திரும்பி வந்து பாத்தா ஊர்ல ஒருத்தரும் இல்ல, மொத்தமும் கொள்ளை நோய்ல போயிருந்துச்சு. அந்தக் காலி ஊர்லதான் குடியேறினவங்களோட பிளிமத் ஊரு எழும்புச்சு. இதை அஞ்சாவது படிக்கிறவகிட்ட எவ்வளவு தூரம் சொல்றதுன்னு தாத்தாவுக்குத் தெரியாதா என்ன.

எந்த வெப்சைட்டை நம்பறது, ஒரே வரியில சொல்லுங்க.
(கொண்டலாம்பட்டி)

எழுதினவர் பேரு, எழுதின தேதி, எங்க இருந்து எடுத்தாங்கன்னு காட்டற லிங்க், இந்த மூணும் இருந்தா படிங்க. ஒரு வரிக்கு மேல போறேன், மன்னிச்சுக்குங்க. அமெரிக்கப் பார்லிமெண்டோட நூலகமான காங்கிரஸ் லைப்ரரி, தேசிய ஆவணக் காப்பகம் ரெண்டும் நல்ல இடம். வாஷிங்டன், ஜெஃபர்சன் லெட்டரெல்லாம் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்ங்கற பேர்ல அங்கேயே கிடைக்குது. ஆனா அரசாங்க வெப்சைட்டுன்னா வேதவாக்குன்னு நினைக்காதீங்க. வெளியுறவுத் துறை சரித்திரப் பிரிவு போட்டிருந்த சின்னக் கட்டுரை வரிசையையே, இதை இனிமே பராமரிக்கலன்னு மேல எழுதிவெச்சு நிறுத்திட்டாங்க, அந்த மாதிரி அறிவிப்பை முதல்ல பாருங்க. அதே பிரிவு பழைய ரகசியக் காகிதங்களைத் தொகுதி தொகுதியா போடுது, 30 வருஷத்துக்குள்ள வெளியிடணும்னு 1991-ல சட்டமே இருக்கு. அப்ப அதிபரா இருந்த நிக்சனும் அவரோட ஆலோசகர் கிசிஞ்சரும் 1971 வங்காளதேசப் போர் சமயத்துல இந்தியாவைப் பத்தி என்னென்ன பேசினாங்கங்கறது 2005-ல வந்துச்சு. என்டர்பிரைஸ்ங்கற போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினது ஏன்னு கட்டுரை எழுதறவங்க ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க, நீங்க அவங்க பேசினதையே படிச்சுக்கலாம். வீட்டுல பெரியவங்க இருக்கறப்ப சத்தமா வாசிக்காதீங்க, பாஷை அப்படி.

சின்ன வயசுல ஸ்கூல்ல அமெரிக்கா கோதுமைல செஞ்ச உப்புமா போடுவாங்க. அது அவங்க சரித்திரத்துல எங்கயாவது வருதா டீச்சர்?
(நெசவாளர், அம்மாப்பேட்டை)

வருதுங்க, பிஎல் 480-ன்னு தேடுங்க. 1954-ல அதிபர் ஐசனோவர் கையெழுத்துப் போட்ட சட்டம். அங்க விவசாயிங்க விளைவிச்சது விக்க முடியாம தேங்கிப்போச்சு, அதை நம்ம மாதிரி நாட்டுக்கு டாலர் இல்லாம அந்தந்த நாட்டுப் பணத்துலயே வித்தாங்க, கொஞ்சத்தை கேர் (CARE) மாதிரி தொண்டு அமைப்புங்க மூலமா ஸ்கூல் சாப்பாட்டுக்கும் குடுத்தாங்க. தர்மம்னு ஒரு கட்டுரை சொல்லும், தந்திரம்னு ஒரு கட்டுரை சொல்லும், ரெண்டும்தான். 1965, 66-ல பஞ்சம் வந்தப்ப அதிபர் ஜான்சன் ஒரேயடியா அனுப்பாம மாசாமாசம் கணக்குப் பாத்துக் கப்பலை விட்டாரு, வியட்நாம் போரைப் பத்தி டெல்லி வாயைத் திறந்தது அவருக்குப் பிடிக்கல.

இதுல யாரும் அதிகமா சொல்லாதது ஒண்ணு இருக்கு. கோதுமைக்கு நாம குடுத்த ரூவா இந்தியாவுலயே மலையா சேந்துபோச்சு, வெளிய எடுத்துக்கிட்டுப் போக முடியாது, என்ன பண்றது? 1962-ல காங்கிரஸ் லைப்ரரி டெல்லியில ஆபீஸ் போட்டு, அந்த ரூவாய்ல ஒரு பங்கை வெச்சு இந்திய மொழி புஸ்தகமா வாங்கி அங்க இருக்கற யுனிவர்சிட்டிங்களுக்கு அனுப்புச்சு. தமிழ் நாவல், கோயில் தலபுராணம், வாரப் பத்திரிகைன்னு அப்ப அச்சானதுல நிறைய கப்பல் ஏறிப்போச்சு. இங்க கரையான் தின்ன புஸ்தகம் சிகாகோ யுனிவர்சிட்டி லைப்ரரியில பைண்டு பண்ணி இருக்குது. கேட்டலாக் எல்லாரும் பாக்கலாம், அச்சான ஊருன்னு சேலத்தைப் போட்டுத் தேடுங்க, உங்க தெரு பிரஸ்ல அடிச்சது ஏதாவது இருந்தாலும் இருக்கும். கிடைச்சா எனக்கு ஒரு கார்டு போடுங்க.